வயிற்றில் இருந்தது பிள்ளை அல்ல

என் வயிற்றில் பிள்ளை இல்லை என்பது என் வீட்டுக்காரருக்குத் தெரிவதற்கு மூன்று மாதம் முன்பே எனக்குத் தெரியும். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். நடுவில் எழுதிக்கொள்ளலாம் என்று ஒத்திப்போட்டால் எழுதாமலே முடித்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

இரண்டாம் உலக யுத்தம் வருவதற்கு இரண்டு வருஷம் முந்தைய விஷயம் இது. நாங்கள் விளாங்குடியில் குடியிருந்தோம். அவர் பெயர் சாமுவேல். மதுரை ரயிலடியில் பார்சல் ஆபீஸ் குமாஸ்தா. நான் மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு டீச்சர். எங்களோடு அவருடைய அம்மா இருந்தார். அத்தை என்றுதான் கூப்பிடுவேன். கல்யாணமாகி ஏழு வருஷம் ஆகியும் வீட்டில் தொட்டில் கட்டவில்லை. அதைப் பற்றி அவரும் பேசமாட்டார், அத்தையும் பேசமாட்டார். பேசாமல் இருப்பதே எனக்குப் பேச்சு மாதிரி காதில் விழுந்துகொண்டிருக்கும்.

சித்திரையில் எனக்கு நாள் தள்ளிப்போனது. முப்பத்தைந்து நாள், நாற்பது, நாற்பத்தைந்து. அவரிடம் சொன்னேன். அவர் எழுந்துபோய் வாசற்கதவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். என்ன செய்கிறோம் என்றே அவருக்குத் தெரியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிவில் எழுந்து நின்று சபையாருக்கு முன்பாக நன்றி சொன்னார். பெண்கள் பக்கத்து முகங்கள் அத்தனையும் என்னைத் திரும்பிப் பார்த்தன. அதற்கு நாலாம் நாள், புதன்கிழமை, கணக்கு வகுப்பில் நின்றுகொண்டிருக்கும்போது எனக்கு விலக்கு வந்துவிட்டது.

அன்று சாயங்காலமே சொல்லியிருக்கலாம். ஒரு நாள் அழுகையோடு போயிருக்கும். நான் வீட்டுக்குள் நுழைந்தபோது, ஒருநாளும் கடைவீதிக்குப் போகாத மனிதர் மாதுளம்பழம் வாங்கிவந்து உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்தார். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். வயிற்றில் பிள்ளை இருக்கும்போதும் சில பேருக்கு அப்படிப் படுவதுண்டு என்று யாரோ எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன். அடுத்த மாதமும் வந்தது, அதற்கடுத்த மாதமும் வந்தது. மத்தியானம் அத்தை கண்ணயரும் நேரத்தில் துணியை அலசி விறகுக்குப் பின்னால் உலர்த்தினேன்.

சாயங்காலக் குடும்ப ஜெபத்தில் தினமும் அவர், "எங்களுக்குக் கொடுத்த குழந்தைக்காக ஸ்தோத்திரம்" என்பார். அத்தை ஆமென் என்பார். நானும் ஆமென் என்பேன். அந்தச் சொல்லுக்கு 'மெய்யாகவே' என்று அர்த்தம் என்று ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். வாழ்க்கையில் நான் சொன்ன பெரிய பொய் அந்த ஒற்றைச் சொல்தான்.

இதில் கொடுமை என்னவென்றால், வயிறு வளர்ந்தது. ஆடியில் புடவைக் கொசுவம் நிற்கவில்லை. "இரட்டையா இருக்கும்" என்றார்கள் பக்கத்து வீட்டில். நான் சொன்ன பொய் என் உடம்பிலேயே மெய் மாதிரி எழும்பி நிற்பதைப் பார்த்து எனக்கே சந்தேகம் வந்தது. ஒருவேளை நான்தான் தப்பாக நினைத்துக்கொண்டேனோ? உட்கார்ந்தால் எழுந்துகொள்ளத் தோன்றும். எழுந்தால் எங்கே போவதென்று தெரியாது. கரும்பலகையில் பாதி எழுதிவிட்டு சாக்குக்கட்டியோடு அப்படியே நிற்பேன்.

ஆடிக் கடைசியில் ஒரு சனிக்கிழமை அத்தை என்னை மிஷன் ஆஸ்பத்திரிக்கு ஜட்கா வண்டியில் அழைத்துப்போனார். டாக்டரம்மா வெள்ளைக்காரி. வெகு காலமாக இங்கேயே இருப்பவர். தமிழ் தடையில்லாமல் வரும், ஆனால் அச்சடித்த மாதிரி வரும். அத்தையை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னைப் படுக்கவைத்தார். இடக்கை விரலை வயிற்றின்மேல் வைத்து வலக்கை விரலால் தட்டித் தட்டிக் கேட்டார். பிறகு மரக்குழல் ஒன்றை வைத்துக் காதைப் பொருத்தினார். குழந்தை இருந்தால் அதன் நெஞ்சுத் துடிப்பு கேட்க வேண்டும். நாலைந்து இடத்தில் மாற்றி மாற்றி வைத்தார்.

"கடைசியாக எப்போது விலக்கு ஆனது?"

மூன்று மாதமாக யாரும் கேட்காத கேள்வி. "பத்து நாளைக்கு முன்னால" என்றேன்.

அவர் குழலைக் கீழே வைத்துவிட்டு விளக்கினார். கர்ப்பப்பைக்கு இரண்டு பக்கத்திலும் வாதுமைக்கொட்டை அளவில் சினைப்பை என்று ஒன்று உண்டு. அதன் இங்கிலீஷ் பெயரையும் சொன்னார். அதில் ஒன்றில் நீர் கோத்துப் பானை மாதிரி வீங்கியிருக்கிறது. அதற்குக் காம்பு போல் ஒரு பிடிப்பு இருக்கும். அந்தக் காம்பு முறுக்கிக்கொண்டால் உயிருக்கு ஆபத்து. ஆகவே சீக்கிரம் வயிற்றைத் திறந்து எடுத்துவிட வேண்டும். "உங்கள் கணவரிடம் நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்லிக்கிறேன், டாக்டரம்மா."

வெளியே வந்ததும் அத்தை, "என்ன சொன்னாங்க?" என்று கேட்டார்.

"நல்லா இருக்காம், அத்தே."

அத்தை என் முகத்தைப் பார்த்தார். வேறொன்றும் கேட்கவில்லை. விளாங்குடி வரும்வரை ஜட்காவின் வெளிப்பக்கத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

பதினாறு நாள் நான் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் எழுந்தேன். அவர் சட்டையை மாட்டும்போது வாயைத் திறப்பேன். "என்ன?" என்பார். "குடைய எடுத்துக்கங்க" என்பேன். பதினேழாம் நாள் பத்தரை மணிக்கு, வகுப்பில், இடது அடிவயிற்றில் யாரோ துணி பிழிவது மாதிரி ஒரு முறுக்கு. மேஜையைப் பிடித்தேன். இரண்டாவது முறுக்கில் வாந்தி. பிள்ளைகள் அலறியது கேட்டது. அப்புறம் ஜட்காவின் கூரைதான் தெரிந்தது.

அவர் ரயிலடியிலிருந்து ஓடிவந்தபோது நான் பரிசோதனை அறையில் கிடந்தேன். அவர் டாக்டரம்மாவிடம் கேட்ட முதல் கேள்வி, "குழந்தைக்கு ஒண்ணும் இல்லையே?" டாக்டரம்மா அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"குழந்தை கிடையாது. கட்டி. பதினாறு நாளைக்கு முன்பே இவர்களிடம் சொன்னேனே?"

அவர் என் பக்கம் திரும்பவில்லை. சுவரில் ஒரு சாமான் அலமாரி இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். டாக்டரம்மா ஒரு காகிதத்தை நீட்டினார். தேவைப்பட்டதை எடுக்கச் சம்மதம் என்று எழுதியிருந்தது. என் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே போனார்.

வயிற்றைச் சவரம் செய்து, பழுப்பு நிற மருந்தைப் பூசி, மேஜையில் கிடத்தினார்கள். முகத்தின்மேல் துணி போர்த்திய கம்பிக்கூடு ஒன்றை வைத்து மயக்க மருந்தைச் சொட்டினார்கள். தித்திப்பும் காரமுமான ஒரு வாடை. எண்ணச் சொன்னார்கள். டீச்சர் அல்லவா, நான் பதினேழாம் வாய்ப்பாட்டை ஆரம்பித்தேனாம். ஐந்தாவது வரியைத் தப்பாகச் சொன்னேன் என்று பிறகு நர்சம்மா சொல்லிச் சிரித்தார்.

விழித்தபோது தாகம். அந்தத் தாகத்தை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை. வயிற்றைத் திறந்தவர்களுக்கு முதல் நாள் தண்ணீர் கூடாது. குடித்தால் வாந்தி வரும், வாந்தியில் தையல் விட்டுப்போகும். அத்தை ஈரத்துணியை என் உதட்டில் ஒற்றி ஒற்றி எடுத்தார். துணியைப் பல்லால் கவ்விச் சப்பினேன். "விடு தாயி, விடு. நாளைக்குத் தாரேன்" என்று பிடுங்கிக்கொண்டார்.

என் வீட்டுக்காரர் கால்மாட்டில் நின்றார். "கட்டிய எடுத்துட்டாங்க. இனி ஒண்ணும் பயமில்ல" என்றார். தினமும் ஆபீஸுக்குப் போகுமுன் வருவார், ஆபீஸ் விட்டதும் வருவார். கஞ்சி கொண்டுவருவார். என் தலைமுடியைச் சிக்கெடுத்துப் பின்னிவிட்டார். அதை அதுவரை அவர் செய்ததில்லை. ஆனால் என் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை.

அடுத்த கட்டிலில் பேச்சியம்மாள் என்று ஒரு விவசாயக் குடும்பத்துப் பெண். திருவாதவூர். களத்தில் வண்டி சாய்ந்து தொடை எலும்பு முறிந்தது. காலில் கயிறு கட்டி, கப்பியில் மாட்டி, மணல் மூட்டையைத் தொங்கவிட்டிருந்தார்கள். எலும்பு நீளம் குறையாமல் சேர்வதற்காம். அவளுடைய புருஷன் வாரத்தில் இரண்டு தரம் வருவார்.

ஒருநாள் அவரிடம், "இந்தா, டாக்டரம்மாட்டப் போயி எங்காலு முன்ன மாதிரி வருமா வராதான்னு கேட்டுட்டு வா. என்ன சொல்றாகளோ அத அப்படியே சொல்லணும். பூசி மெழுகுனே, நாளப்பின்ன ஒம் பேச்ச நம்பவே மாட்டேன்" என்றாள்.

அவர் போனார், வந்தார். தலைத்துண்டை எடுத்து உதறினார். "நொண்டித்தான் நடப்பியாம். நாத்து நட முடியாதாம்."

பேச்சியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். கொஞ்ச நேரம்தான். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு, "அப்ப நாலு ஆடு பிடிச்சு விடு. உக்காந்த எடத்துல பாத்துக்கிறேன்" என்றாள். ஆட்டைப் பற்றி இரண்டு பேரும் வெகுநேரம் பேசினார்கள். நான் போர்வைக்குள் கிடந்து அதைக் கேட்டேன். பொறாமையாக இருந்தது.

ஆறாம் நாள் போதகரம்மா சபைப் பெண்கள் இரண்டு பேரோடு பார்க்க வந்தார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "கர்த்தர் எடுத்துக்கொண்ட அந்தச் சிசுவுக்காக" என்று ஜெபித்தார்கள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கரு கலைந்துவிட்டதாக வீட்டில் சொல்லியிருக்கிறார்கள் என்று புரிந்தது. நல்ல பொய். யாருக்கும் அவமானம் இல்லை. நான் மூன்று மாதம் நடித்ததும் அதற்குள் மூடிப்போகும். அவர்கள் ஆமென் என்றார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. துக்கத்தில் இருக்கிறேன் என்று நினைத்துப் போர்வையை இழுத்துவிட்டுப் போனார்கள்.

அந்த நாளிலிருந்துதான் இன்னொன்று தொடங்கியது. திடீரென்று நெஞ்சிலிருந்து முகத்துக்கு அனல் ஏறும். ரவிக்கை நனைந்துபோகும். சற்று நேரத்தில் குளிரும். காய்ச்சலோ, காயம் சீழ் வைக்கிறதோ என்று நடுங்குவேன். வயிற்று ஆபரேஷனில் பிழைத்தவர்களும் சீழ் வைத்து இறந்துபோவது உண்டு. நர்சம்மா என் வாயில் காய்ச்சல்மானியை வைத்துப் பார்ப்பார். "காய்ச்சல் இல்லையே" என்பார். ஒரு பகலில் ஏழெட்டுத் தரம். படுக்கவும் முடியாது, புரளவும் முடியாது. தோலைக் கழற்றி வைத்துவிடலாம் போல் இருக்கும்.

"இது ஏன் நர்சம்மா?"

"அது... டாக்டரம்மாட்டக் கேளுங்க" என்று அவர் வேகமாக நகர்ந்த விதத்தில் எனக்குச் சந்தேகம் விழுந்தது.

கட்டிலின் கால்மாட்டில் ஒரு அட்டை தொங்கும். நோயாளியின் விவரமெல்லாம் அதில் இங்கிலீஷில் எழுதியிருக்கும். ஒன்பதாம் நாள் பேச்சியம்மாளின் புருஷன் வந்திருந்தபோது, "அண்ணே, அந்த அட்டைய எடுத்துக் குடுங்க" என்றேன். எடுத்துத் தந்தார். டாக்டரம்மாவின் கையெழுத்து சாய்ந்து சாய்ந்து இருந்தது. முதல் நாள் அவர் சொன்ன இங்கிலீஷ் பெயர் தெரிந்தது. இடது முறுக்கிக் கறுத்துவிட்டது, எடுக்கப்பட்டது. வலதிலும் கட்டி, எடுக்கப்பட்டது. இரண்டும். மூன்று தரம் படித்தேன். சினைப்பை இரண்டும் இல்லாவிட்டால் பிள்ளை கிடையாது. இந்த வருஷம் இல்லை, எந்த வருஷமும் இல்லை.

சாயங்காலம் அவர் தூக்குவாளியோடு வந்தார்.

"என்கிட்டருந்து எத எடுத்தாங்க?"

"கட்டிய. சொன்னேனே."

"ரெண்டையும் எடுத்திருக்காங்க."

தூக்குவாளியைக் கீழே வைக்காமல் நின்றார். "யாரு சொன்னா?"

"படிச்சேன். ஒன்பது நாளா தெனம் ரெண்டு வேள வந்து தலை பின்னி விடுறீங்க. இத ஒரு வார்த்த சொல்லல."

"காயம் ஆறட்டும்னு பாத்தேன்."

"நானும் அப்படித்தான். ஒங்க சந்தோசம் கொஞ்ச நாள் இருக்கட்டும்னு பாத்தேன்."

"அதும் இதும் ஒண்ணா?" அவர் குரல் கூடத்தில் எல்லோருக்கும் கேட்டது. பேச்சியம்மாள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "பதினாறு நாளு, ரூத்து! அன்னைக்கே சொல்லிருந்தா ஒண்ணையாச்சும் காப்பாத்திருப்பாங்களோ என்னமோ. அத ஒங்கிட்ட எப்படிச் சொல்லுவேன்? நீயே கெடுத்துக்கிட்டேன்னு எந்த வாயால சொல்லுவேன்?"

இதைத்தான் ஒன்பது நாளாக விழுங்கிக்கொண்டிருந்தார். எனக்கு அனல் ஏறியது. வேர்வையும் கண்ணீரும் ஒன்றாக வழிந்தன. அவர் துண்டை எடுத்து என் முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே அழுதார். கோபமும் போகவில்லை, கையும் நிற்கவில்லை.

மறுநாள் டாக்டரம்மா சுற்றிவரும்போது நானே கேட்டேன். "பதினாறு நாளைக்கு முன்னாடியே வந்திருந்தா ஒண்ணு தப்பிச்சிருக்குமா?"

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "எனக்குத் தெரியாது. தப்பியிருக்கலாம், தப்பாமலும் போயிருக்கலாம். தெரியும் என்று சொன்னால் பொய் சொன்னவளாவேன்." அந்த அனல் எதனால் வருகிறது என்றும் சொன்னார். சினைப்பை இல்லாததால் உடம்பு நாற்பத்தைந்து வயதுக்காரியின் உடம்பு மாதிரி மாறுகிறதாம். ஒன்றிரண்டு வருஷத்தில் அடங்குமாம். எனக்கு அப்போது இருபத்தெட்டு. அழுதேன். ஆனால் ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு அன்று மத்தியானம்தான் முதல்முறையாக இடையில் விழிக்காமல் தூங்கினேன்.

அத்தையிடமும் கேட்டேன். "கரு கலைஞ்சிருச்சுன்னு சபையில யாரு சொன்னது?"

"நாந்தான். அவன் ஒண்ணும் பேசாம இருந்தான். வாரவுக கேக்குறாக, எதையாச்சும் சொல்லணுமில்ல?" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். "ஒனக்குப் புள்ள இல்லேன்னு எனக்கு ஆனியிலேயே தெரியும். வெறகுக்குப் பின்னால நீ காயப்போட்டத எடுத்து மடிச்சு வச்சதே ரெண்டு தரம் நாந்தான். ஆஸ்பத்திரியிலருந்து வரயில ஒம் மொகமும் சொல்லிருச்சு. கேட்டா நீ இன்னொரு பொய் சொல்லணுமேன்னு கேக்கல. கேட்டிருக்கணும். எந் தப்பு, தாயி."

ஒரே சோற்றுப்பானையில் சாப்பிட்டுக்கொண்டு, ஒரே பாயில் முழங்கால் போட்டு ஜெபித்துக்கொண்டு, மூன்று பேரும் ஒருவருக்கொருவர் இரக்கப்பட்டு மறைத்திருக்கிறோம். கர்த்தருக்குத் தெரியும் என்ற தைரியத்தில் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லாமல் இருந்துவிட்டோம்.

பன்னிரண்டாம் நாள் தையல் பிரித்தார்கள். இருபத்திரண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். பேச்சியம்மாள் கட்டிலிலிருந்தே, "போயிட்டு வா டீச்சரு. அம்புட்டும் அழுது முடிச்சுட்டுப் போ, வீட்டுக்குக் கொண்டு போகாத" என்றாள்.

ஜட்கா வாசலில் நின்றதும் பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்து என் தோளைப் பிடித்தாள். "தங்காமப் போச்சாமே! என்ன புள்ளயாம், ஆணா பொண்ணா?"

அவர் என்னைப் பார்த்தார். அத்தை ஜட்காக்காரரிடம் ஏதோ கேட்பதுபோல் திரும்பிக்கொண்டார்.

"புள்ளயே இல்லக்கா. கட்டி. எனக்கு அது முன்னாடியே தெரியும், சொல்லாம இருந்துட்டேன்."

அக்காவின் கை என் தோளிலிருந்து மெதுவாக இறங்கியது. "அப்படியா" என்றாள். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. இரண்டு வீட்டுக்காரர்கள் வெகுநாள் என்னோடு பேசவில்லை. பிள்ளை பெறுவதாக நடித்தவள் என்று பள்ளிக்கூடத்திலும் சொன்னார்கள். உண்மையைச் சொன்னால் எல்லோரும் மெச்சிக்கொள்வார்கள் என்று நினைத்து யாரும் சொல்ல வேண்டாம். அப்படி நடக்காது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் எழுந்து நின்றார். "போன வைகாசியில நான் இதே எடத்துல நின்னு சொன்னது நடக்கல. அது கட்டி. கரு கலைஞ்சதுன்னு எங்க வீட்டிலருந்து சொன்னதும் சரியில்ல. எம் மனைவி பிழைச்சிருக்கா. அதுக்கு ஸ்தோத்திரம்." உட்கார்ந்துவிட்டார். நானும் எழுந்து, எனக்குத் தெரிந்தும் மறைத்தேன் என்று சொன்னேன். ஆண்கள் பக்கத்தில் யாரோ இருமினார்கள். போதகர், "ஆமென்" என்றார். எல்லோரும் சொன்னார்கள்.

வீடு திரும்பியதும் அவர் பாயை விரித்து என்னைப் படுக்கச் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார்.

"இன்னும் ஏதாச்சும் இருக்கா, எங்கிட்ட சொல்லாதது?" என்று நானே கேட்டேன்.

"ஒண்ணு இருக்கு. எல்லாரும் முடிஞ்சுபோச்சுன்னு நெனச்சிருப்பாங்க. எனக்கு இன்னும் கோவம் போகல, ரூத்து. ஒன்னப் பாத்தா பாவமாவும் இருக்கு, கோவமாவும் இருக்கு. ஜெபம் பண்ண உக்காந்தா கோவந்தான் முன்னால வருது."

"சொல்லுங்க. எம்புட்டு இருந்தாலும் சொல்லுங்க."

சொன்னார். பார்சல் ஆபீஸில் எல்லோருக்கும் மிட்டாய் வாங்கிக் கொடுத்ததைச் சொன்னார். பெயர் கூடத் தேடிவைத்திருந்ததைச் சொன்னார். அந்தப் பெயரை மட்டும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. குறுக்கே பேசவேண்டும் என்று நாலைந்து இடத்தில் வாய் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். வெயில் முற்றத்துச் சுவரில் ஏறி, உச்சிக்குப் போய், மறைந்தது.

எல்லாம் சொல்லி முடித்தார். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி, "அம்மா, பசிக்குது" என்றார். நான் வகுப்பில் சுருண்டு ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலிருந்து, சோற்றை முன்னால் வைத்தால் அளைந்துவிட்டு எழுந்து போனாரே தவிர, பசிக்கிறது என்று அவர் வாயால் கேட்டதில்லை என்று அத்தை பிறகு என்னிடம் சொன்னார்.